ஊக்கமருந்தும் ஓட்டக்களமும்

என் இளமைக் காலத்தில், திருச்சுழியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டுச் சிற்றூர்களுக்கு, அறுவடை முடிந்து மக்கள் கையில் நாலு காசு புழங்கும் மாசி, பங்குனி மாதங்களில், மிதிவண்டிச் சாகசக்காரர் ஒருவர் வருவதுண்டு. ஊர்ப் பொட்டலில் கழிகளை நட்டுக் குழல் விளக்குகளைக் கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டு, ஏழு நாள் இரவும் பகலும் கால் தரையில் படாமல் வட்டமடிப்பார். வண்டியில் இருந்தபடியே குளிப்பார், உண்பார், சட்டை மாற்றுவார். கீழே கிடக்கும் கைக்குட்டையைக் குனிந்து வாயால் கவ்வி எடுப்பார். பெண்கள் குழந்தைகளிடம் ரூபாய்த் தாளைக் கொடுத்தனுப்பி அவர் சட்டையில் ஊசியால் குத்தச் செய்வார்கள். வானம் பார்த்த பூமியில் வேறு கேளிக்கை ஏது?

ஆறாம் நாள் இரவு கூட்டம் கலைந்த பின்பும் நான் பொட்டலில் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய மைத்துனன் என்று சொல்லிக்கொண்ட இளைஞன் ஒரு மாத்திரையை நசுக்கிச் சோடாவில் கலக்கி, ஓடும் வண்டியோடு தானும் ஓடி, அவர் வாயருகே நீட்டினான். நான் பார்ப்பதைக் கண்டு, “லாரிக்காரங்க போடுறதுடா தம்பி, தூக்கம் வராது” என்றான். அது என்ன மாத்திரையோ, அறியேன். மறுநாள் மாலை ஊர்ப் பெரியவர்கள் மாலையிட்டுப் பண முடிப்பைக் கொடுத்தபோது, அதைப் பெற்றுக்கொண்ட அந்த மனிதருடைய கைகள் வெடவெடவென்று நடுங்கியதும், கண்கள் யாரையும் பாராமல் எங்கோ நிலைகுத்தி நின்றதும் மட்டும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் என் நினைவை விட்டு அகலவில்லை.

அந்த நடுக்கத்தை மீண்டும் நினைக்கச் செய்தவன் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞன். காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவன். இந்தத் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டர் தொலைவை ஏழு நிமிடத்தில் ஓடி முடிக்க வேண்டும். அதன்பின் கயிறு ஏறுதல், தாண்டுதல் எனப் பல உண்டு. விடியற்காலை ஐந்து மணிக்கு அருப்புக்கோட்டைச் சாலையில் சென்றால், சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே, இருளில், இத்தகைய பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக ஓடுவதைக் காணலாம். தறி ஓட்டும் வீட்டுப் பிள்ளைகள், மூட்டம் போட்டுக் கரி சுடுவோர் வீட்டுப் பிள்ளைகள். அரசு வேலை என்ற ஒன்றே அவர்கள் கண்ணுக்குத் தெரிகின்ற மேகம்.

அவன் ஒரு பெரிய டப்பாவை என் மேசைமேல் வைத்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் வாங்கிய சத்துப் பொடி. அதனோடு வாரம் ஓர் ஊசியும் போட்டுக்கொண்டால் ஆறே வாரத்தில் உடம்பு இரும்பாகிவிடும் என்று அங்குள்ளவர் கூறினாராம். பொடிக்கே அவன் தாய் ஒரு மாதக் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்திருந்தார். “இதைச் சாப்பிடலாமா ஃபாதர்?” என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் அவனே தொடர்ந்தான்: “நீங்கதானே ஃபாதர், கோமதி அக்காவைப் பத்திச் சொன்னீங்க?”

உண்மை. சொன்னது நானேதான். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 22 அன்று, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், கத்தார் நாட்டின் தோகா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், திருச்சி மாவட்டத்து முடிகண்டம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2 நிமிடம் 2.70 விநாடி. அப்போது அவருக்கு வயது 30. தகப்பனார் கூலி வேலை செய்தவர். மகளுக்குச் சோற்றை ஒதுக்கிவிட்டு மாட்டுக்கு வைத்த தவிட்டைத் தாம் உண்டவர் என்று செய்திகள் வந்தன. அந்தத் தகப்பனார் மகளின் வெற்றியைக் காண உயிரோடு இல்லை. நாடெங்கும் கண்ணீர் மல்கியது. அடுத்த ஞாயிறு, அப்போது நான் பணியாற்றிய பக்கத்துப் பங்கில், மறையுரையில் கோமதியைத்தான் எடுத்துச் சொன்னேன். விடுமுறைக்குத் தன் தாயின் ஊருக்கு வந்திருந்த இந்தப் பையன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

ஒரு மாதத்துக்குள் செய்தி மாறிவிட்டது. மார்ச் 18 முதல் மே 17 வரை அவரிடமிருந்து எடுக்கப்பட்ட சிறுநீர் மாதிரிகளில், நாண்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்து உடலில் சிதைந்தபின் எஞ்சும் பொருள் காணப்பட்டதாக அறிவித்தார்கள். கோமதி குற்றச்சாட்டை மறுத்தார்; தெரிந்து எதையும் உட்கொள்ளவில்லை என்றார். உலகத் தடகள நேர்மைப் பிரிவு வழக்கை நடத்தியது. 2020ஆம் ஆண்டு தீர்ப்பு வெளியாயிற்று: நான்கு ஆண்டுத் தடை, 2019 மே 17 முதல் 2023 மே 16 வரை. அந்த இரு மாதத்து வெற்றிகள் யாவும் செல்லாதவையாயின. தங்கப் பதக்கம் இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை வாங் சுன்யூவுக்குப் போய்ச் சேர்ந்தது. தடை முடிந்தபோது கோமதிக்கு வயது 34. 800 மீட்டர் ஓடுகிறவருக்கு அந்த நான்கு ஆண்டுகளின் விலை என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இதில் ஒரு செய்தி எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. முதல் மாதிரி மார்ச் 18 அன்று பாட்டியாலாவில் நடந்த கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியின்போது எடுக்கப்பட்டது. தோகா ஓட்டம் ஏப்ரல் 22. இடையே ஐந்து வாரம் இருந்தது. அந்த முடிவு உரிய காலத்தில் கிடைத்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். மாலையும் மேளமும், அதன்பின் வந்த தலைகுனிவும் இருந்திரா. தண்டனை ஓடியவருக்கு, தாமதத்துக்குத் தண்டனை யாருக்கும் இல்லை.

ஆகவே அந்தப் பையனுக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். அந்த இரண்டு நாளும் படித்தவற்றையும் அறிந்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊக்கமருந்தின் வரலாற்றைத் தேடுவோர் மிதிவண்டிப் பந்தயத்தில்தான் போய் நிற்பர். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும்பந்தயம் 1903இல் தொடங்கியது. மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஆல்ப்சு, பிரனீசு மலைகளின் மீது ஏறி இறங்க வேண்டும். நம் ஊர்ச் சாகசக்காரர் சமதரையில் சுற்றியதற்கே மாத்திரை வேண்டியிருந்தது என்றால், இவர்களைப் பற்றி என்ன சொல்ல? இத்தாலியின் மாபெரும் வீரர் பவுஸ்தோ கோப்பி, தம் காலத்து ஓட்டக்காரர்கள் மருந்து எடுத்துக்கொண்டதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவர். அவரும் அவருடைய போட்டியாளரும் பக்திமானுமான ஜீனோ பர்த்தாலியும் ஓட்டிய வண்டிகள், கோமோ ஏரிக்கு மேலுள்ள கிசல்லோ மாதா சிற்றாலயத்தில் இன்றும் தொங்குகின்றன. அந்த மாதாவை 1949இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டி வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். பாதுகாவல் அவர்களுக்கு மிகவும் தேவைப்பட்டது என்பதைப் பின்னர் நடந்தவை காட்டின.

1966ஆம் ஆண்டு போர்தோ நகரில் முதன்முறையாக வீரர்களின் சிறுநீரைச் சோதிக்க வந்தபோது, மறுநாள் அவர்கள் வண்டியை விட்டு இறங்கி நடந்து எதிர்ப்புக் காட்டினர். அடுத்த ஆண்டே விலை கொடுக்க நேர்ந்தது. 1967 ஜூலை 13. மோன் வாந்தூ மலை 1900 மீட்டருக்கு மேல் உயரமானது. உச்சிப் பகுதியில் ஒரு மரமும் கிடையாது, வெண்சுண்ணாம்புக் கற்கள் வெயிலைத் திருப்பி முகத்தில் வீசும். சித்திரை வெயிலில் நம் கண்மாய்க் கரையில் நடந்தவர்க்கு அது எத்தகையது என்று விளங்கும். அங்கே, உச்சிக்குச் சற்றுக் கீழே, 1965இன் உலக வெற்றியாளரான ஆங்கிலேயர் டாம் சிம்சன் சுருண்டு விழுந்து மாண்டார். வயது 29. அவர் சட்டைப் பையில் மாத்திரைக் குழல்கள் இருந்தன. உடலில் ஆம்பெட்டமின் மருந்தும் மதுவும் இருந்தன. இந்த மருந்து வலிமை எதையும் தருவதில்லை, களைப்பைத்தான் மறைக்கிறது. நில் என்று உடல் கூறுவது காதில் விழாமற் போகிறது. வெப்பமும் நீர்வறட்சியும் எஞ்சியதைச் செய்து முடித்தன.

பின்னர் வந்த மருந்து இன்னும் நுட்பமானது. எரித்ரோபொயட்டின் என்பது சிவப்பணுக்களைப் பெருக்குமாறு எலும்பு மஞ்ஞைக்கு ஆணையிடும் இயக்குநீர். இதனைச் சிறுநீரகமே சுரக்கிறது. சிறுநீரகம் பழுதுபட்டு இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் நோயாளிகளுக்காக 1980களின் இறுதியில் இது செயற்கையாக மருந்துக் கடைக்கு வந்தது. நம் பகுதியில் மதுரைக்கு வாரம் இருமுறை பேருந்தேறிச் செல்லும் நோயாளிகளைக் கேளுங்கள். அந்த ஊசியின் விலையைச் சொல்லுவார்கள். ஏழை நோயாளிக்கு அது உயிர். நலமாக உள்ளவர் போட்டுக்கொண்டால் சிவப்பணுக்கள் மிகுந்து, உயிர்வளி தசைகளுக்கு ஏராளமாய்ச் செல்லும். கூடவே இரத்தம் கூழாகத் தடித்து, இதயம் அதைத் தள்ளமாட்டாமல் தவிக்கும். நெடுங்காலம் இதைக் கண்டறியச் சோதனையே இல்லை. எனவே 1997இல் ஒரு வேலி மட்டும் போட்டார்கள்: இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் ஓடக்கூடாது. வேலி போட்டதும் 49 வரை ஏற்றிக்கொள்ளக் கற்றார்கள்!

1998 ஜூலை 8 அன்று, பந்தயம் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு, பெஸ்தினா அணியின் உதவியாளர் வில்லி ஊட் என்பவர் ஓட்டிவந்த காரைப் பெல்சிய எல்லையருகே பிரெஞ்சுச் சுங்கத்தினர் நிறுத்திச் சோதித்தனர். உள்ளே நூற்றுக்கணக்கான ஊசிமருந்துக் குப்பிகள். அணி முழுவதும் வெளியேற்றப்பட்டது; காவலர் விடுதிகளில் புகுந்தனர்; வேறு சில அணிகள் தாமே விலகின. 189 பேர் தொடங்கிய பந்தயத்தை 96 பேரே முடித்தனர். அந்த அதிர்ச்சியில்தான் 1999இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு பிறந்தது. நம் முடிகண்டத்துப் பெண்ணைத் தடுத்து நிறுத்திய சட்டத்தின் வேர் அந்தக் கார்ப் பெட்டியில் இருக்கிறது.

மார்கோ பந்தானி என்ற இத்தாலியரைப் பற்றி ஒரு சொல். மலையேற்றத்தில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். 1999 ஜூன் 5 காலை, இத்தாலியப் பந்தயத்தை வெல்ல இரண்டே நாள் இருக்கையில், சிவப்பணுப் பங்கு 52 விழுக்காடு என்று கண்டு வெளியேற்றினார்கள். அதன்பின் அவர் பழைய மனிதராகவே இல்லை. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினி நகரின் ஒரு விடுதியறையில் கொக்கெயின் மிகுந்து தனியே இறந்து கிடந்தார். வயது 34. தண்டனை சரிதானா என்று கேட்டால் சரிதான் என்பேன். ஆனால் தண்டனை பெற்றவனோடு நடந்துபோக ஒருவரும் இல்லாமற் போவது சட்டத்தில் எழுதப்படாத இரண்டாம் தண்டனை.

அமெரிக்கரான லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கதை நெஞ்சழுத்தத்தின் கதை. புற்றுநோயிலிருந்து மீண்டவர், 1999 முதல் 2005 வரை ஏழு முறை தொடர்ந்து வென்றவர், கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு நம்பிக்கையாய் விளங்கியவர். பல நூறு சோதனைகளைக் கடந்தேன் என்று மார்தட்டினார். தம்மைக் குற்றஞ்சாட்டியவர்களை வழக்குமன்றத்துக்கு இழுத்தார். இறுதியில் அவரைப் பிடித்தது ஆய்வுக்கூடமன்று. உடன் ஓட்டியவர்களின் சாட்சியம். முன்னாள் அணித்தோழர்கள் பதினொருவர் உள்ளிட்ட 26 பேர் வாக்குமூலம் தந்தனர். 2012 அக்டோபரில் ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டு வாழ்நாள் தடை உறுதியாயிற்று. 2013 சனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் என்று இன்றுவரை ஒருவர் பெயரும் இல்லை. அடுத்து வந்தவர்களுள் பலரும் கறைபட்டவர்கள் ஆகையால், இடத்தை வெறுமையாகவே விட்டுவிட்டார்கள்.

ஆய்வுக்கூடம் தோற்ற இடத்தில் 2008 முதல் மற்றொரு முறை வந்தது. மருந்தைத் தேடாமல் ஆளையே தொடர்வது. ஒவ்வொரு வீரரின் இரத்தக் கணக்கையும் ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்து, இயற்கைக்கு மாறாக ஏறி இறங்கினால் விளக்கம் கேட்பார்கள். நம் பெரியவர்கள் ஆட்டு மந்தையில் ஒரு குட்டியின் நடை மாறினாலே நோய் என்று கண்டுகொள்வார்களே, அதைப் போன்றது.

சட்டத்தின் அடிப்படை கடுமையானது. உன் உடலில் எது இருந்தாலும் அதற்கு நீயே பொறுப்பு. பயிற்சியாளர் கொடுத்தார், மருத்துவர் எழுதினார், தெரியாமல் குடித்தேன் என்பவை தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்கமாட்டா. மாதிரியை இரு குப்பிகளில் அடைப்பார்கள். முதற்குப்பியில் மருந்து தெரிந்தால், வீரர் கேட்டுக்கொண்டால், இரண்டாவதை அவர் முன்னிலையில் திறப்பார்கள். ஸ்டீராய்டு வகைக்கு, வேண்டுமென்று செய்யவில்லை என்று வீரரே மெய்ப்பிக்காவிடில், நான்கு ஆண்டு. முன்னணி வீரர்கள் நாள்தோறும் தாம் இருக்கும் இடத்தை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் இரண்டு ஆண்டு வரை தடைபெறலாம். நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு. இங்கே சுமை ஓடுபவர் தோளில். இது நீதியா என்று முதலில் நானும் சினந்தேன். பிறகு வாங் சுன்யூவை நினைத்தேன். அவரும் எவர் வீட்டுப் பெண்ணோ. தோகாவில் மேடையின் இரண்டாம் படியில் நின்று, முதற்படியில் மற்றொருவருக்கு நாட்டுப்பண் இசைப்பதைக் கேட்டவர். பின்னாளில் பெற்ற பதக்கத்தோடு அந்த மாலைப்பொழுதை அவரிடம் யாரும் திருப்பித் தர இயலவில்லை.

நம் நாட்டின் நிலை மகிழத்தக்கதன்று. 2010இல் தில்லிப் பொதுநலவாய விளையாட்டிலும் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் தங்கம் வென்ற நால்வரில் மூவர், மந்தீப் கௌர், சினி ஜோஸ், அசுவினி அக்குஞ்சி, 2011இல் ஸ்டீராய்டு வழக்கில் அகப்பட்டனர். பயிற்சியாளர் யூரி ஓகொரோத்னிக் வாங்கித் தந்த சின்செங் வேர் மாத்திரையில் கலப்படம் இருந்தது என்பது அவர்கள் வாதம். முதலில் ஓராண்டுத் தடை. மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் மன்றம் இரண்டாண்டாக உயர்த்தியது. பயிற்சியாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டார். 2022இல் நாடாளுமன்றம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் 2023ஆம் ஆண்டுக் கணக்கில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட மாதிரிகளைச் சோதித்த நாடுகளுள் மருந்து கண்ட விழுக்காடு மிகுந்திருந்தது இந்தியாவில்தான்: 3.8. அதே ஆண்டு செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனையாளர்கள் வந்தார்கள் என்றதும், 100 மீட்டர் இறுதி ஓட்டத்தின் தொடக்கக் கோட்டில் ஒரே ஓர் இளைஞர் மட்டும் நின்றார். மற்றவர்களைக் காணோம். அரங்கின் கழிவறையில் ஊசிகள் கிடந்தன. சிரிப்பு வரத்தான் செய்கிறது. அந்த ஊசிகளை விற்றவர் யார் என்று எண்ணினால் சிரிப்பு நின்றுவிடும்.

இரண்டு நாள் கழித்து அந்த இளைஞன் தாயோடு வந்தான். தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் விசாரித்து வைத்திருந்ததைக் கூறினேன். நாண்ட்ரோலோன் ஊசி மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கப்பட வேண்டிய மருந்து. இரத்தச்சோகை, எலும்புத் தேய்வு போன்றவற்றுக்கு உரியது. நலமான இளைஞன் உடலில் அது ஏறினால், விந்தகம் தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். கெட்ட கொழுப்பு மிகும். இதயத் தசை தடிக்கும். ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் மஞ்சட்காமாலைக் கிருமியும் வரும். பொடியில் என்ன இருக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. 2000ஆம் ஆண்டை ஒட்டிச் செருமனியின் கொலோன் ஆய்வுக்கூடம் பதின்மூன்று நாடுகளில் வாங்கிய 634 சத்துப் பொருள்களைச் சோதித்தபோது, 94இல் மேலட்டையில் குறிக்காத ஸ்டீராய்டு வகைகள் இருந்தன.

“காவலர் தேர்வில் இதையெல்லாம் சோதிக்கமாட்டாங்களாம் ஃபாதர்” என்றான் பையன்.

“அதுதான் தம்பி எனக்கு அச்சம்” என்றேன். “சோதித்தால் நான்கு ஆண்டோடு போகும்.”

தாய் ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சாமி, அந்தத் திருச்சிப் பிள்ளைக்கு இப்ப வேலை வெட்டி இருக்கா?” என்று கேட்டார். ஓடும்போதே வருமான வரித்துறையில் வேலை பார்த்தவர் என்று கூறினேன். அதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. 2019 ஏப்ரலில் அவரைக் கொண்டாடிய நான், சூனில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பீடத்தில் நின்று புகழ்ந்தவன், அதே பீடத்தில் நின்று, நாம் மாலையிட்டவர் விழுந்துவிட்டார், அவருக்காக மன்றாடுவோம் என்று சொல்லியிருக்க வேண்டும். வெட்கப்பட்டு வாய்மூடிக்கொண்டேன். அதனாலன்றோ விடை தெரியாமல் ஒரு பையன் ஆறு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, டப்பாவோடு வந்து கேட்க வேண்டியதாயிற்று. அதை அவனிடமே சொன்னேன். அவன் சற்றுத் திகைத்துத் தலையைக் குனிந்துகொண்டான்.

இப்போது காலையில் நான் மிதிவண்டியில் கைக்கடிகாரத்தோடு பின்னால் செல்கிறேன். வேர்க்கடலை, கேப்பைக் கூழ், இரண்டு முட்டை, எட்டு மணி நேரத் தூக்கம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். முதல் வாரம் 7 நிமிடம் 48 விநாடி. சென்ற சனிக்கிழமை 7 நிமிடம் 9 விநாடி. தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். உடைக்காமல் என் அலமாரியில் இருக்கிறது.